அவாந்தரோ 1971 நேரடிப் பதிவுகள்: இரைச்சலை எந்த அளவுக்கு நீக்கலாம்?

ரீல்பெட்டி:
மெக்சிகோவின் அவாந்தரோ ராக் விழாப் பதிவுகள் 2003-இல் தொகுப்பாக வந்தனவே, "ஒருவழியாக... 32 ஆண்டுகள் கழித்து" என்று பொருள்படும் தலைப்பில், அது கையில் இருக்கிறது. கூடவே மூலம் தெரியாத சில இணையக் கோப்புகளும். அடியில் விடாத ‘ம்ம்ம்’ ஓசை. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. கிதார் சுருதி எந்த ஸ்வரத்திலும் சரியாக நிற்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சலை நீக்கினால் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) தண்ணீருக்குள் அடித்தது போலாகிறது. எதை முதலில் சரிசெய்வது? அந்தக் கோப்புகள் மேடைப் பதிவுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்வு ரேடியோ:
இரண்டாவது கேள்வியை முதலில் பார்ப்போம். அங்கு வாசித்த டக் டக்ஸ், எல் ரிச்சுவால், பீஸ் அண்ட் லவ் போன்ற குழுக்களுக்கு ஸ்டுடியோ இசைத்தட்டுகளும் உண்டு. அதனால் கோப்பின் பெயரில் அவாந்தரோ என்று இருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். பாட்டு மெல்லத் தேய்ந்து முடிந்தால் அது பெரும்பாலும் ஸ்டுடியோ. முதல் சில நொடிகள் மட்டும் கூட்டத்தின் சத்தம் கேட்டு, பாட்டு தொடங்கியதும் அடியோடு காணாமல் போனால் யாரோ ஒட்டியது. லா ரெவொலுசியோன் தே எமிலியானோ சபாத்தா, ஹவியர் பாதிஸ் என்று பெயர் போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அவர்கள் அங்கே வாசிக்கவில்லை.

அவாந்தரோ இருக்கும் வாயே தே பிராவோவில் செப்டம்பர் 11 மாலை தொடங்கி, மழையிலும் நடந்து, 12 காலை த்ரீ சோல்ஸ் இன் மை மைண்ட் வாசிப்போடு முடிந்த விழா. ரேடியோ ஹுவெந்துத் என்ற வானொலி நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது; பீஸ் அண்ட் லவ் மேடையில் இருந்தபோது கெட்ட வார்த்தை காற்றில் போனதும் ஒலிபரப்பைத் துண்டித்தார்கள். ஆகவே "வானொலியிலிருந்து பிடித்தது" என்ற குறிப்போடு த்ரீ சோல்ஸ் பாட்டு வந்தால் சந்தேகப்படுங்கள். மத்திய அலை ரேடியோவிலிருந்து பிடித்த நாடாவில் பொதுவாக 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. உங்கள் தகர டப்பா குரலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் ட்ரெபிளை (உச்ச ஒலிகளை) ஏற்றிப் பயனில்லை, நாடாவின் ‘ஸ்ஸ்’தான் ஏறும்.

அரை அங்குல நாடா:
அந்த ‘ம்ம்ம்’-ஐ அழிக்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். இந்தப் பதிவைப் பற்றி அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மத்திய மெக்சிகோவில் அப்போது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1970-களின் நடுவில்தான் நாடு முழுக்க 60 ஆனது. மின்வாரியக் கம்பியிலிருந்து மேடையில் ஏறிய ரீங்காரம் என்றால் 50, 100, 150 என்று வர வேண்டும். பிற்காலத்தில் டிஜிட்டலாக்கிய கருவியிலிருந்து வந்தது 60, 120, 180-இல் நிற்கும்.

பாட்டுகளுக்கு இடையிலான அமைதியான பகுதியைத் தேர்ந்தெடுத்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடத்தை, அளவு (Size) 65536 என்று வைத்துப் போடுங்கள். அதற்குக் குறைத்தால் 50-க்கும் 51-க்கும் வித்தியாசம் தெரியாது.

ரீல்பெட்டி:
ஒரு கோப்பில் 51.5-இல் ஒரு கூர்முனை, 60-இல் இன்னொன்று. இரண்டும் எப்படி?

அரை அங்குல நாடா:
அருமையான கோப்பு அது! 60 துல்லியமாக நிற்பதால் கடைசிக் கட்டத்தில் சேர்ந்தது. 51.5 என்பது பழைய 50. நாடா 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. கிட்டத்தட்ட அரை செமிடோன் (அடுத்தடுத்த இரு ஸ்வரங்களின் இடைவெளியில் பாதி), கிதார் எங்கேயும் நிற்காததற்கு அதுதான் காரணம்.

முதலில் 60, 120, 180-ஐ ஒரே அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரால் எடுங்கள், கியூ (வெட்டின் கூர்மை) 30 அளவில். வேகத்தைக் குறைத்த பிறகு செய்தால் அதே ரீங்காரம் 58.25-க்கு நகர்ந்துவிடும், தேடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்து வேகத்தை −2.91 சதவீதம் மாற்றுங்கள்; சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் வேண்டாம், தாளம் அப்படியே வேகமாக நிற்கும். ஜெனரேட்டர் மின்சாரமாக இருந்தால் 50 என்ற கணக்கே தவறலாம். எனவே பீஸ் அண்ட் லவ் காற்றுக் கருவிகளை வைத்துச் சரிபாருங்கள். கிதாரைப் போல அவற்றை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முடியாது. அதன்பின் 50, 100, 150-ஐயும் அதேபோல் எடுங்கள்.

வால்வு ரேடியோ:
இரைச்சல் நீக்கம் பற்றி: மாதிரிக்காக நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் கூட்டத்தின் முணுமுணுப்பு இருந்திருக்கும். அதை இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டினால், அதே அலைவரிசையில் உள்ள குரலையும் சிம்பலையும் சேர்த்துத் தின்றுவிடும். நாடாவின் வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் உள்ள ஒரு நொடி கிடைத்தால் போதும். 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள், 12 அதிகம்.

இடது, வலது இரு சேனலிலும் ஒரே ஒலிதானா (மோனோ) என்றும் பாருங்கள். ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் பாட்டு கிட்டத்தட்ட மறைந்துவிட்டால் மோனோ. அப்போது இரண்டையும் சராசரியாக்கினாலே தனித்தனி ‘ஸ்ஸ்’ சுமார் 3 டெசிபெல் குறையும், எந்த ஃபில்டரும் இல்லாமல். ஆனால் நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருந்தால் ஒரு சேனல் சில சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு) பிந்தியிருக்கும். ஸ்னேர் டிரம்மின் ஓர் அடியைத் திரையில் பெரிதாக்கி இரண்டு முனையையும் நேராக்கிய பிறகே கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் ஒலி குழிந்துபோகும். தொடாத மூலக் கோப்பைத் தனியாக ஃப்ளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் FLAC வடிவம்) வைத்துக்கொள்ளுங்கள்.