4294967297 பகா எண்ணா? புரோகிராம் ஆம் என்கிறது

கேள்வி:
2^32 + 1 = 4294967297. 2-லிருந்து ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கும் லூப் எழுதினேன். எதற்குமே மீதி 0 வரவில்லை. ஆனால் 1732-லேயே கணித மேதை ஆய்லர் இதைக் காரணிகளாக உடைத்துவிட்டார் என்கிறார்களே, எங்கே தப்பு?

பதில் 1:
வேரியபிள் 32 பிட் தானே? அதில் 2^32 அடங்காது, சுற்றிக்கொண்டு வெறும் 1 ஆகிவிடும். 1-ஐ எதால் வகுத்தாலும் மீதி 1தான். 64 பிட்டுக்கு மாற்றுங்கள், 641-இல் லூப் நிற்கும். 641 × 6700417 = 4294967297.

பதில் 2:
லூப்பே வேண்டாம் :) இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். 129 பகு எண். 257 ஃபெர்மா எண் (2^1+1, 2^2+1, 2^4+1, 2^8+1 என்று அடுக்கு இரட்டித்துப் போகும் வரிசை; நம்முடைய 2^32+1-உம் இதில்தான்), இன்னொரு ஃபெர்மா எண்ணை வகுக்காது. 385, 513 பகு எண்கள். அடுத்ததே 641!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5×2^7 + 1. ஆகவே 641-ஆல் வகுத்த மீதிக் கணக்கில் 5×2^7 என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4×2^28 = 1. ஆனால் 641 = 5^4 + 2^4 என்பதும் உண்மை, எனவே 5^4-க்குப் பதில் −2^4 போடுங்கள்: −2^32 = 1. அதாவது 2^32 + 1 = 0.

கேள்வி கேட்டவர்:
64 பிட்டில் 641 வந்துவிட்டது, நன்றி. 6700417 மேலும் உடையுமா?

பதில் 2:
உடையாது. வர்க்கமூலம் 2588 சொச்சம். இதன் காரணியும் 128-இன் மடங்கு + 1 தான்; அதுவரை அப்படிப்பட்ட பகா எண்களில் 257 போக 641, 769, 1153, 1409 மட்டும் பார்த்தால் போதும். மீதி முறையே 44, 120, 334, 622.