தைப்பட்ட விதைகளை இரவோடு இரவாக ஏதோ தோண்டித் தின்கிறது – என்ன செய்யலாம்?

கொல்லைக்காரி (கேள்வி):

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டுக் கொல்லையில் இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. மேற்கே வேலி, அதைத் தாண்டினால் வயல். தை பிறந்ததும் புடலை, பீர்க்கை, பாகல் மூன்றையும் குழிக்கு ஐந்து விதை வீதம் ஊன்றினேன். பார் ஓரத்தில் வெண்டை, கொத்தவரை. கிணற்றடிப் பாத்தியில் சிறுகீரை தூவினேன்.

நான்காம் நாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டு நோண்டியது போல சின்னச் சின்னப் பள்ளம். புடலை விதையின் ஓடு மட்டும் இரண்டாகப் பிளந்து மேலே கிடக்கிறது. உள்ளே பருப்பு இல்லை. மறுபடி ஊன்றினேன், இரண்டே இரவில் அதுவும் போச்சு. வெண்டையில் பாதி காலி. கீரை முளைக்கவே இல்லை.

மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன். சாம்பல் போட்டேன். பெருங்காயத் தண்ணீர் ஊற்றினேன். எதற்கும் அசையவில்லை. சாயங்காலம் சுவரோரமாக ஒரு மூஞ்சூறு ஓடுவதைப் பார்த்தேன், அதுதான் திருடனா? வீட்டில் நடை பழகும் பிள்ளை இருக்கிறான், நாலு கோழி இருக்கின்றன. அதனால் மருந்து வைக்கச் சொல்லாதீர்கள். விதை கைவசம் கொஞ்சம்தான் மிச்சம். இதுவும் போனால் இந்தப் பட்டமே போய்விடும்.

வண்டல்மண்:

தங்கச்சி, மூஞ்சூறு பாவம், விட்டுவிடு. அதற்குக் கரப்பான், புழு, பூச்சிதான் சாப்பாடு. உன் தோட்டத்துக்கு அது நல்லதுதான் செய்கிறது. நாற்றம் அடிக்கும், கீச்கீச்சென்று கத்தும், அவ்வளவுதான் குற்றம்.

விதை ஓடு அங்கேயே பிளந்து கிடந்து, பருப்பை மட்டும் தின்றிருந்தால் அது எலி வேலை. பறவை என்றால் பெரும்பாலும் முளைத்த பிறகு வந்து தலையைக் கொத்தும், இல்லை என்றால் நாற்றை இழுத்துப் போடும். அணில் பகலில் வரும். நீ கவனிக்க வேண்டியது இன்னொன்று. இப்போது சம்பா அறுப்பு நடக்கிறது. இத்தனை நாள் வயலில் கதிரைத் தின்று கொழுத்த எலிக்குத் திடீரென்று தட்டு காலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஈரமான புது மண்ணும் அதற்குள் கொழுப்புப் பருப்பும் இருந்தால் வராமல் என்ன செய்யும்?

எதற்கும் முதலில் ஆளை உறுதி செய்துகொள். பொழுது சாய்ந்ததும் குழியைச் சுற்றிக் கோலப்பொடி தூவு. அரிசி மாவு வேண்டாம், எறும்பும் கோழியும் தின்றுவிடும். கல்மாவுதான் சரி. காலையில் கோழியைத் திறந்துவிடும் முன்னால் போய்ப் பார். அப்படியே வேலியோரத்து வளைகளை எல்லாம் மாலையில் சேறு வைத்து அடைத்துவிடு. காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் குடியிருக்கிறது.

மாடித்தோட்டம்_மதுரை:

மிளகாய்த்தூள் ஏன் பலிக்கவில்லை என்றால், எலிக்குக் காரம் தெரியும், ஆனால் நீங்கள் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினாலே பொடி கரைந்து போய்விடும். பறவைக்கோ மிளகாயின் காரமே உறைக்காது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

விதையை ஊறவைத்து ஊன்றினீர்களா? ஊறிய விதையின் வாசனை எலிக்குச் சட்டென்று தெரிந்துவிடும். காய்ந்த மண்ணில் காய்ந்த விதை கிடந்தால் அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்காது. அதற்காக ஊறவைக்காமல் இருக்கவும் முடியாது, பாகல் ஓடு கெட்டி, சும்மா ஊன்றினால் முளைக்கப் பத்து நாள்கூட ஆகும். அந்தப் பத்து நாளும் எலிக்கு விருந்துதான். மண்ணில் விதையாகக் கிடக்கும் நாளைக் குறைப்பதுதான் வழி.

நன்செய்_வாசகன்:

எதற்கு இவ்வளவு வேலை? எலி பேஸ்ட் இருக்கிறதே. தக்காளித் துண்டில் தடவி வைத்தால் ஒரே ராத்திரியில் முடிந்தது.

வண்டல்மண்:

தம்பி, வீட்டில் குழந்தை இருக்கிறது என்று அந்தப் பெண் முதலிலேயே எழுதியிருக்கிறது, படிக்கவில்லையா? அந்தப் பசையில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரசுக்கு முறிவு மருந்தே கிடையாது. கல்லீரலைத் தின்றுவிடும். எங்கள் ஊரில் இரண்டு சாவு பார்த்தவன் சொல்கிறேன். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகையோ பூனையோ பிடித்தால் அதற்கும் ஆபத்துதான். எலியைத் தின்ன வரும் கூகையைக் கொன்றுவிட்டு அடுத்த வருஷம் யாரைக் கூப்பிடப் போகிறாய்?

கொல்லைக்காரி:

கோலப்பொடி வைத்தேன் அண்ணா. குழியைச் சுற்றி எல்லாம் சின்னச் சின்னக் காலடி, நடுவே வால் இழுத்த கோடு. பக்கத்தில் அரிசியைவிடச் சின்னதாகக் கறுப்புப் புழுக்கை. வேலியோரம் ஏழு வளை அடைத்தேன், காலையில் இரண்டு திறந்திருந்தன.

கீரைப் பாத்தியில் மட்டும் காலடியே இல்லை. குனிந்து பார்த்தால் எறும்பு வரிசையாகப் போகிறது, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கீரை விதை! அப்போ எனக்கு இரண்டு திருடர்கள்.

வண்டல்மண்:

புழுக்கை அவ்வளவு சின்னது என்றால் சுண்டெலி. பெருச்சாளி வகை என்றால் வளை வாயில் புது மண் குவிந்து கிடக்கும், அதற்குக் கிட்டி, அதாவது மூங்கில் வில் பொறி, வைக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். கோழி திரியும் கொல்லையில் கிட்டி சரிவராது. சுண்டெலிக்குக் கூண்டு போதும்.

எறும்புக்கு வழி சுலபம். கீரை விதையை மணலோடு கலந்து தூவு, பாத்தியைச் சுற்றி நொய் போடு. எறும்பு நொய்யை இழுத்துக்கொண்டு போகும். அது தீர்வதற்குள் கீரை முளைத்துவிடும். எங்கள் அம்மா இப்படித்தான் செய்வார்.

பூனைப்பிரியை:

ஒரு பூனை வளருங்களேன்!

மாடித்தோட்டம்_மதுரை:

வளர்க்கலாம். ஆனால் புதிதாகக் கொத்திய பாத்தியைப் பார்த்தால் பூனைக்குக் கழிப்பறை ஞாபகம்தான் வரும். எலி விட்ட விதையைப் பூனை தோண்டிப் போட்ட கதை என் மாடியிலேயே நடந்தது :)

அக்கா, கொடி வகையை மண்ணில் நேராக ஊன்றாதீர்கள். இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் தொன்னையிலோ காகிதக் கோப்பையிலோ நார்க்கழிவும் மண்புழு உரமும் போட்டு ஊன்றுங்கள். குழித்தட்டும் நல்லதுதான், ஆனால் புடலை, பீர்க்கைக்கு வேர் கலைந்தால் பிடிக்காது. வாழைமட்டைத் தொன்னை என்றால் அப்படியே குழியில் இறக்கிவிடலாம், மட்டை மக்கிவிடும். முதலில் வரும் விதையிலை போக இரண்டு நிஜ இலை வந்ததும், அதாவது பன்னிரண்டு பதினைந்து நாளில், நடலாம். அதற்குள் விதைக்குள் இருந்த பருப்பு தீர்ந்துவிடும், எலிக்கு அங்கே வேலை இல்லை.

வெண்டை, கொத்தவரையை நேராகத்தான் ஊன்ற வேண்டும். அதற்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை வாங்கி, கூரை போல வளைத்து, ஓரத்தை மூன்று அங்குலம் மண்ணுக்குள் புதையுங்கள். கோழி வலை வேண்டாம், அந்தக் கண்ணில் சுண்டெலி நுழைந்துவிடும். பிளாஸ்டிக் நிழல்வலையைக் கடித்துவிடும். வலைக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி விதைமேல் கவிழ்த்து இரண்டு அங்குலம் அழுத்துங்கள். மூடியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

கொல்லைக்காரி:

தொன்னையில் போட்டு ஐந்து நாள் ஆகிறது. முதல் இரவே ஏமாந்தேன். திண்ணை ஓரத்து மேசைமேல் வைத்திருந்தேன், மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தேன். காலையில் மூன்று தொன்னை காலி. மேசை சுவரை ஒட்டி இருந்தது, சொரசொரப்பான சுவர், அதில் ஏறி வந்திருக்கிறது.

மாடித்தோட்டம்_மதுரை:

ஆமாம், சுவரில் நன்றாக ஏறும். ஓர் அடி உயரம் தாவவும் செய்யும். கிண்ணத்துத் தண்ணீர் எறும்புக்குத்தான். மேசையைச் சுவரைவிட்டு நன்றாகத் தள்ளிப் போடுங்கள், துணி காயப்போடும் கொடி மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லைக்காரி:

அதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. மாமியார் காலத்தில் பால், தயிர் வைக்கும் வலைக்கதவு அலமாரி ஒன்று கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. கம்பி வலை கொசுவலை அளவுக்கு நெருக்கம். துடைத்து அதற்குள் தொன்னைகளை அடுக்கிவிட்டேன். முளைக்கும்வரை வெளிச்சம் வேண்டாமே. தலை தூக்கியதும் பகலில் வெயிலுக்கு எடுத்து வைக்கிறேன், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்ப உள்ளே. பையனை எடுத்துப்போவது மாதிரியே இருக்கிறது.

கூண்டில் மசால் வடை வைத்தேன், தொடவில்லை. அப்புறம் பரங்கிக்காய் நறுக்கும்போது வழித்துப்போடும் விதையைக் காயவைத்து வைத்தேன். இரண்டு இரவில் மூன்று விழுந்தன.

வண்டல்மண்:

விதைக்கு ருசி கண்டதை விதையால்தான் பிடிக்க வேண்டும். கூண்டை வெறும் கையால் கழுவாதே. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், கையில் கீறல் இருந்தால் போதும். பிள்ளை இருக்கும் வீடு. விறகுக் குவியலையும் பாத்தியிலிருந்து தள்ளி வை, கோழித் தீவனத்தை இரவில் வெளியே விடாதே.

கொல்லைக்காரி:

இன்றுதான் நட்டு முடித்தேன். பீர்க்கையும் பாகலும் எல்லாத் தொன்னையிலும் வந்துவிட்டன. வெண்டை பாட்டிலுக்குள் இரண்டு இலை விட்டு மேலே முட்டுகிறது, நாளைக்குப் பாட்டிலை எடுத்துவிடுவேன். கீரைப் பாத்தியில் நொய் இன்னும் மிச்சம் இருக்கிறது, கீரை பச்சை கட்டிவிட்டது.

புடலை பன்னிரண்டில் பதினொன்று. ஒரு தொன்னை மட்டும் அப்படியே இருந்தது. பழக்க தோஷம், எலி எப்படியோ உள்ளே போய்விட்டது என்று அலமாரி முழுக்கத் துழாவினேன். அப்புறம் தொன்னையைக் கொட்டிப் பார்த்தால் விதை முழுசாக உள்ளேயே இருக்கிறது. வெறும் பதர்.