அறிவுக்குத் தக்கபடி ஓட்டு மதிப்பு: செய்யறதா இருந்தா எப்படி, எங்கே சிக்கும்?

குகை வாசகர்:
சேலத்துல எங்க வாசகர் வட்டத்துல அடுத்த மாசம் பட்டிமன்றம். தலைப்பு "அறிவுக்குத் தக்கபடி ஓட்டுக்கு மதிப்பு வேண்டும்". எனக்கு விழுந்தது 'வேண்டும்' அணி. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" மாதிரி வசனம் ரெண்டு பக்கமும் போதுமான அளவு வரும், அது வேண்டாம். என் திட்டம் இதுதான்: 18 வயசானா எல்லாருக்கும் ஒரு ஓட்டு. டிகிரி இருந்தா ரெண்டு. அரசு நடத்துற ஒரு தேர்வுல பாஸ் ஆனா மூணு. யாரோட ஓட்டையும் பிடுங்கல, கூடுதலா மட்டும்தான் குடுக்கறோம். சட்டம் இடம் குடுக்குமா, எந்த நாடாவது செஞ்சு பாத்திருக்கா, அறிவை எதை வெச்சு அளக்கறது? விஷயம் தெரிஞ்சவங்க இந்தத் திட்டம் எங்கே சிக்கும்னு காட்டுங்க.

ஆத்தூர் வாத்தியார்:
சட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். அரசியலமைப்பு 326-வது பிரிவு வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு சொல்லுது. 21-ஐ 18 ஆக்கினது 61-வது திருத்தம், 1989 மார்ச் 28-ல் அமலுக்கு வந்தது. அறிவோட சம்பந்தப்பட்ட விலக்கு ஒண்ணே ஒண்ணுதான்: மனநிலை சரியில்லைன்னு தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிச்சிருக்கணும். டாக்டர் சர்டிபிகேட்டோ ஐக்யூ (அறிவுத்திறனை அளக்கிற டெஸ்ட்டோட மதிப்பெண்) ரிப்போர்ட்டோ மட்டும் போதாது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு ஊனச் சான்று வாங்கினவரோட பேரும் பட்டியல்ல இருக்கும். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62-வது பிரிவு, ஒருத்தர் ஒரு தேர்தல்ல ரெண்டு தடவை போட்டா ரெண்டுமே செல்லாதுன்னு சொல்லுது. ஆக சாதாரண சட்டம் போட்டு உங்க திட்டத்தைக் கொண்டுவர முடியாது. அரசியலமைப்பைத் திருத்தினாலும், ஜனநாயகம் திருத்தத்தாலயும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்புங்கிற வாதத்தோட சுப்ரீம் கோர்ட் வாசல்ல நிக்கணும்.

சட்டத்தை விடுங்க, பூத்துக்கு வாங்க. அங்கேதான் நிஜமா சிக்கும். கன்ட்ரோல் யூனிட்ல பேலட் பட்டனை ஒரு தடவை அழுத்தினா ஒரு ஓட்டு திறக்கும். மூணு ஓட்டுக்காரருக்கு மூணு தடவை அழுத்தணும். ஒவ்வொரு தடவையும் பீப் சத்தம், யாருக்குப் போட்டோம்னு காட்டுற விவிபேட் சீட்டு 7 விநாடி. உள்ளே போனவர் எத்தனை ஓட்டு ஆசாமின்னு மறைப்புக்கு வெளியே உக்காந்திருக்கிற கட்சி ஏஜென்ட்டுகளுக்கு எண்ணத் தெரியும். சாயங்காலம் 17ஏ ரிஜிஸ்டர்ல இருக்கிற ஆள் கணக்கும் மெஷின் காட்டுற மொத்தமும் ஒத்துப்போகணும், அதைப் படிவம் 17சி-யில் எழுதிக் கையெழுத்து வாங்கணும். இப்போ ஒரு ஓட்டு வித்தியாசம் வந்தாலே ஆளாளுக்கு மண்டையை உடைச்சுக்குவாங்க. ஆளுக்கு ஆள் ஓட்டோட எடை, அதாவது மதிப்பு, மாறுச்சுன்னா அந்தச் சரிபார்ப்பே போச்சு.

சரி, எடைக்கு ஒரு மெஷின் வெப்போம்னு வெச்சுக்குங்க. ஏற்காடு மேல உள்ளடங்கின ஊர் பூத்துல மூணு ஓட்டுக்காரங்க அஞ்சே பேர் இருக்கலாம். அந்த மெஷின்ல அஞ்சு பதிவும் ஒரே சின்னத்துக்கு விழுந்திருந்தா அஞ்சு பேரோட ரகசியமும் அம்பலம். பூத் வாரியான முடிவு படிவம் 20-ல் பொதுவெளிக்கு வந்துடுது. பல பூத் ஓட்டைக் கலந்து எண்ண டோட்டலைசர் வேணும்னு தேர்தல் ஆணையம் 2008-லயே கேட்டது, இன்னும் நடைமுறைக்கு வரல.

பழைய பேட்டை:
கேட்ட மூணுல ரெண்டாவது எனக்கு. எடை ஓட்டு புதுசு இல்ல.

பெல்ஜியம், 1893. 25 வயசான ஆண்களுக்கு ஒரு ஓட்டு. குடும்பத் தலைவரா வரி கட்டினா கூடுதல் ஒண்ணு, சொத்து இருந்தா ஒண்ணு, உயர்கல்விப் பட்டயம் இருந்தா ரெண்டு. ஆளுக்கு மூணுக்கு மேல் கிடையாது. உங்க திட்டத்தோட அண்ணன்னே சொல்லலாம். 1919-ல் தூக்கிட்டாங்க. இங்கிலாந்துல பட்டதாரிகளுக்குன்னு பல்கலைக்கழகத் தொகுதிகள் தனியா இருந்தன. ஊர்ல ஒரு ஓட்டு, படிச்ச பல்கலைக்கழகத்துல ஒரு ஓட்டு. 1948 சட்டத்துல அதுக்கு முடிவு கட்டினாங்க. தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-லயே இந்த யோசனையை எழுதினவர். சொத்துக்காகக் கூடுதல் ஓட்டுங்கிறதை அவர் ஏத்துக்கல, அறிவுக்காக மட்டும்னார். நடைமுறைக்கு வந்த பெல்ஜியத்துல ரெண்டும் ஒட்டிக்கிட்டே வந்தது.

எதிரணி கண்டிப்பா எடுக்கப்போறது அமெரிக்கா. மிசிசிப்பி 1890-ல் ஒரு விதி கொண்டுவந்தது: அரசியலமைப்புல ஒரு பகுதியைப் படிக்கணும், இல்ல அலுவலர் படிச்சுக் காட்டினா 'நியாயமா' விளக்கம் சொல்லணும். எது நியாயமான விளக்கம்னு முடிவு பண்றது பதிவு அலுவலர். வெள்ளைக்காரருக்கு ஒத்தை வரி வாக்கியம், கறுப்பருக்கு வக்கீலே திணறுற பத்தி. லூசியானாவில் 1896-ல் பதிவான கறுப்பின வாக்காளர் 1,30,334. எழுத்தறிவு, சொத்து நிபந்தனை எல்லாம் சேர்ந்து 1904-ல் மிச்சம் வெச்சது 1,342. படிக்கத் தெரியாத வெள்ளைக்காரங்க மாட்டாம இருக்க, தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ முன்னாடி ஓட்டு இருந்திருந்தா தேர்வு வேண்டாம்னு ஒரு கொல்லைப்புற வழி. அந்தத் தாத்தா விதியை 1915-ல் கோர்ட் அடிச்சுது, தேர்வுகள் ஒழிய 1965 வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நம்ம ஊருக்கு ரொம்பத் தூரம் போகவேண்டாம். ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானப்போ, வரி, சொத்துன்னு தகுதி இருந்தவங்களுக்குத்தான் நகராட்சி ஓட்டு. 1935 சட்டத்துல சொத்து, வரி, படிப்புன்னு தளர்த்தியும் பிரிட்டிஷ் இந்தியா முழுக்க சுமார் 3 கோடி பேருக்குத்தான் ஓட்டு. 1951 சென்சஸ்ல எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம்தான், அந்த நிலைமையிலதான் முதல் பொதுத் தேர்தல்ல சின்னம் வெச்சு எல்லாரையும் போட வெச்சாங்க.

அளவுகோல்:
ஐக்யூ பக்கம் யோசிக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியில இருந்து எவ்வளவு பரவியிருக்குங்கிற அளவு) 15. நம்பகத்தன்மை (திரும்ப எடுத்தாலும் அதே மாதிரி மதிப்பெண் வர்ற அளவு, முழுசா இருந்தா 1) 0.95 உள்ள நல்ல டெஸ்ட்லயே அளவீட்டுப் பிழை 3.4 புள்ளி, 95 சதவீத உறுதிக்கு மேலும் கீழும் ஆறரை. 110-க்கு மேல ரெண்டு ஓட்டுன்னு கோடு போட்டா, 107 வாங்கினவரையும் 112 வாங்கினவரையும் அந்த டெஸ்ட்டால உறுதியா பிரிச்சுச் சொல்ல முடியாது. கோட்டுக்குப் பக்கத்துலதான் கூட்டம் அதிகம், வழக்கும் அங்கேதான் குவியும். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறுறதால, பத்து வருஷத்துக்குச் சுமார் 3 புள்ளின்னு சொல்வாங்க, அளவுகோலையும் அப்பப்ப புதுப்பிக்கணும். பழைய அளவுகோல்ல எழுதினவருக்கு ஓட்டு கூடும், புதுசுல எழுதினவருக்குக் குறையும்.

ஆள் கணக்கு இன்னும் மோசம். தனித்தனியா உக்கார வெச்சு எடுக்கிற டெஸ்ட் ஒரு மணியில இருந்து ஒன்றரை மணி. மதிப்பெண், ரிப்போர்ட் எல்லாம் சேத்து ஒரு உளவியலாளர் நாளைக்கு நாலு பேர். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இரண்டரை லட்சம் வாக்காளர்னு வெச்சா 62,500 வேலை நாள், அதாவது 250 பேர் ஒரு வருஷம் முழுக்க. சேலம் மாவட்டத்துல 11 தொகுதி. கும்பலா எழுத வெக்கிற டெஸ்ட் சீக்கிரம் முடியும், ஆனா பயிற்சியால மதிப்பெண் ஏறும். அடுத்த மாசமே அஞ்சு ரோட்டுல "கூடுதல் ஓட்டுக்கு 45 நாள் கிராஷ் கோர்ஸ்"னு போர்டு தொங்கும். ஃபீஸ் கட்ட முடிஞ்சவருக்கு மூணு ஓட்டு.

அப்புறம், டெஸ்ட் எந்த மொழியில? சொல்வளக் கேள்வி இருந்தா இங்கிலீஷ் மீடியம் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்கும் நடுவுல அது அளக்கிறது அறிவை மட்டுமில்ல. அதோட ஐக்யூ வேற, அரசியல் விவரம் வேற. உங்க தேர்வு எதை அளக்கப்போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

மூணாம் சதுரம்:
எல்லாரும் ஒரே பக்கம் அடிக்கிறதால குகை அண்ணனுக்காக ரெண்டு பாயின்ட்.

ஒண்ணு, எடை ஓட்டு இந்தியாவுலயே இருக்கு. ஜனாதிபதி தேர்தல்ல தமிழ்நாட்டு எம்.எல்.ஏ ஓட்டு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ எண்ணிக்கையால வகுத்து, அதை 1000-ஆல் வகுக்கிறது. இது மக்கள்தொகைக்கான எடைன்னு எதிரணி உடனே சொல்லும், அது சரிதான்.

ரெண்டு, கணிதம். கேள்விக்குச் சரியான விடை ஒண்ணு இருந்து, எல்லாரும் தனித்தனியா யோசிச்சா, எடை குடுக்கிறதுதான் சிறந்தது. ஒருத்தர் சரியாச் சொல்ற வாய்ப்பு p-ன்னா எடை, p-ஐ (1-p)-ஆல் வகுத்து வர்றதோட லாகரிதம். 60 சதவீதக்காரருக்கு 0.405, 80 சதவீதக்காரருக்கு 1.386. கிட்டத்தட்ட மூணரை மடங்கு. உங்க 'மூணு ஓட்டு' இதுக்குப் பக்கத்துல வருது, பட்டிமன்றத்துல கைதட்டல் வாங்கலாம்.

ஆனா அதே சூத்திரம் 40 சதவீதக்காரருக்கு மைனஸ் எடை குடுக்கும், அதாவது அவர் ஓட்டைத் திருப்பி எதிராளிக்குப் போடச் சொல்லும். அதையும் ஏத்துக்கணும். இன்னொண்ணு, எடையே இல்லாம 60 சதவீதக்காரங்க 101 பேர் சேந்தா பெரும்பான்மை சரியா இருக்க வாய்ப்பு 98 சதவீதம், 90 சதவீத நிபுணர் ஒத்தையா நின்னா தோத்துடுவார். பிரெஞ்சு கணித அறிஞர் காந்தோர்செ 1785-ல் போட்ட கணக்கு இது. 101 பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புல இருந்தா இதுவும் படுத்துடும்.

ஜவ்வரிசி:
மூணாம் சதுரம் சொன்ன 'சரியான விடை' இடத்துலதான் திட்டம் கவிழுது. கம்பெனியில பங்குக்குத் தக்க ஓட்டு, ஏன்னா எல்லாருக்கும் குறி லாபம். சேலம் சேகோசர்வ், ஜவ்வரிசி ஆலைக்காரங்களோட கூட்டுறவு, அங்கே பெரிய ஆலைக்காரருக்கும் சின்ன ஆலைக்காரருக்கும் உறுப்பினர்னா ஒரு ஓட்டுதான். ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கு விலை ஏறணும்னு விவசாயி, இறங்கணும்னு ஆலை. இதுல எது சரியான விடை? யாரோட ஐக்யூ இதைத் தீர்க்கும்? தேர்தல்ல பாதிக்கு மேல இந்த மாதிரிக் கேள்விதான். மஞ்சக்குட்டையில தண்ணித் தொட்டி எந்தத் தெருவுல வெக்கணும்கிறதுக்குக் குடம் தூக்கறவங்ககிட்ட இருக்கிற விவரம் பி.இ. படிச்சு ஓசூருக்குப் போனவர்கிட்ட இல்ல. தொட்டியோட சுவர் கனம் எவ்வளவுங்கிறது இன்ஜினியர் கேள்வி, அதை ஓட்டுக்கு விடுறதே இல்லையே.

குகை வாசகர்:
அடி பலமா இருக்கு. சரி, கொஞ்சம் இறங்கி வர்றேன். கூடுதல் ஓட்டு வேண்டாம், பட்டதாரிகளுக்குத் தனி இடம் மட்டும்? சட்டசபைக்கு மேல இன்னொரு அவையா இருந்த மேலவையில அப்படி இருந்ததே?

ஆத்தூர் வாத்தியார்:
இருந்தது. 171-வது பிரிவுப்படி மேலவையில பன்னிரண்டுல ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, இன்னொரு பன்னிரண்டுல ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-ல் போச்சு. கர்நாடகம், ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, உ.பி., பீகார்ல இன்னும் இருக்கு. டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆகியிருக்கணும், படிவம் 18 குடுக்கணும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியல் புதுசா தயாராகும், போன தடவை பேர் இருந்துச்சேன்னு சும்மா இருந்தா ஓட்டு கிடையாது.

உங்க அணி இதை மேடையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்குங்க. அங்கே மெஷின் இல்ல, சீட்டுதான். வேட்பாளர் பேருக்கு எதிரே 1, 2, 3-ன்னு விருப்ப வரிசையை எண்ணால எழுதணும். பூத்துல குடுக்கிற ஊதா ஸ்கெட்ச் பேனாவால மட்டும். சொந்தப் பேனா, டிக், 'ஒன்று'ன்னு எழுத்துல எழுதறது, கையெழுத்து, ரெண்டு பேருக்கும் 1 போடறது, எல்லாமே செல்லாது. வாக்காளர் அத்தனை பேரும் பட்டதாரிதான். 2021-ல் ஹைதராபாத் - ரங்காரெட்டி - மகபூப்நகர் பட்டதாரித் தொகுதியில செல்லாத ஓட்டு மட்டும் 20 ஆயிரத்துக்கு மேல.