மூன்றாவது கியரில் காலை லேசாக வைத்தால் வண்டி வெட்டுகிறது – டிபிஎஸ் (த்ராட்டில் பொசிஷன் சென்சார்) தானா?

தாம்பரம்வாசி:
வணக்கம். வண்டி 2004 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் பழைய வகை. வேகமாகப் போனால் ஒரு குறையும் இல்லை. ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் மூன்றாவது கியரில் காலை லேசாக வைத்துக்கொண்டு உருட்டும்போதுதான் வெட்டி வெட்டி இழுக்கிறது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் சரியாகிவிடும். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை.

பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. ஒரு மெக்கானிக், "டிபிஎஸ்ஸைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும்" என்று சொல்லித் திருப்பியும் வைத்தார். வெட்டு அப்படியே இருக்கிறது, கூடவே இப்போது ஐடில் (மிதிக்காதபோது என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 1400-க்கு ஏறி நிற்கிறது. இன்னொருவர் த்ராட்டில் பாடியோடு (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு இருக்கும் பகுதி) மாற்றச் சொல்கிறார். வண்டியின் இன்றைய விலைக்கு அது கட்டுப்படியாகாது. புளூடூத் ஸ்கேனர் வாங்கிச் சொருகினேன், கனெக்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ரேஸ்_ராஜா:
ப்ரோ, த்ராட்டில் பாடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை அரைச் சுற்று லூஸ் பண்ணுங்க, ஐடில் இறங்கிடும்.

முள்மீட்டர்:
அதைத் தொட வேண்டாம் சார். அது ஐடில் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ இல்லை. த்ராட்டில் தகடு முழுக்க மூடும்போது பாடியின் சுவரில் போய்க் கடித்துக்கொள்ளாமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த தடுப்பு. அதைக் கலைத்துவிட்டால் அப்புறம் எந்த அளவையும் நம்ப முடியாது. ஐடிலைப் பார்த்துக்கொள்வது ஐஏசி வால்வும் (ஐடிலுக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) ஈசியுவும் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்).

பிளக், காயில் கோளாறு என்றால் மேடு ஏறும்போது, லோடு விழும்போது வெட்டும். மிதிக்க மிதிக்க அதிகமாகும். உங்களுக்கு மிதித்தால் சரியாகிறது. மிதியின் ஒரே இடத்தில் மட்டும்தான் தொல்லை. எனக்குத் தேய்ந்த டிபிஎஸ் மேல்தான் சந்தேகம். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்வது அதுதான்.

அதன் உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கிற அதே சங்கதி: ஒரு கார்பன் பாதை, அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு தொடுமுனை. ஊருக்குள் ஓட்டும்போது த்ராட்டில் பெரும்பாலும் மூடிய நிலைக்குச் சற்று மேலேதான் நிற்கும், அதனால் பாதை அங்கேதான் முதலில் தேயும். தொடுமுனை அந்த இடத்துக்கு வந்ததும் சிக்னல் ஒரு கணம் கீழே விழும். டிரைவர் காலை எடுத்துவிட்டார் என்று நினைத்து ஈசியு பெட்ரோலை நிறுத்தும். உடனே சிக்னல் திரும்பும். திடீரென்று மிதித்துவிட்டார் என்று கூடுதலாகப் பீய்ச்சும். இது மாறி மாறி நடப்பதுதான் உங்கள் வெட்டு. பழுது என்று பதியும் அளவுக்கு அது நீடிக்காததால் விளக்கு எரிவதில்லை.

ஸ்கேனர் பேசாததில் வியப்பில்லை. நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி (ஸ்கேனரோடு பேசும் பழுது கண்டறியும் வசதி) கட்டாயமானது 2010-க்கு அப்புறம்தான். மல்டிமீட்டர் போதும்.

சாவி ஆன், என்ஜின் ஆஃப். சென்சாரில் மூன்று வயர் இருக்கும்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கத்து ரப்பர் வழியாகக் குண்டூசியைச் செருகி அளந்து பாருங்கள். வயர் உறையைக் குத்தாதீர்கள், மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சப்ளையையும் எர்த்தையும் பாருங்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் வயரிங்கில், சென்சாரில் அல்ல.

அப்புறம் சிக்னல். மூடிய நிலையில் பெரும்பாலான வண்டிகளில் 0.5 வோல்ட் சுற்றி, முழுக்கத் திறந்தால் 4-க்கு மேல். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. கடைசியாக த்ராட்டிலைக் கையால் மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். இதற்கு மட்டும் முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். நடுவே விழுந்து எழுந்தது அதற்குத் தெரியாது.

தாம்பரம்வாசி:
டிவி ரிப்பேர் கடை நண்பரிடம் முள் மீட்டர் கிடைத்தது. சப்ளை 4.98. எர்த் 0.02. சிக்னல் மூடிய நிலையில் 0.86, முழுக்கத் திறந்தால் 4.6. மேனுவலில் 0.5 என்றுதான் போட்டிருக்கிறது. 1.2 வோல்ட் பக்கத்தில் முள் ஒரு துள்ளு துள்ளி விழுந்து எழுகிறது. திறக்கும்போதும் மூடும்போதும் அதே இடம். சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவின் அடியில் பழைய வாஷர் இருந்த இடம் மட்டும் அழுக்கில்லாமல் வெளுத்துத் தெரிகிறது. வாஷர் இப்போது அதைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

முள்மீட்டர்:
அப்படியானால் இரண்டு கோளாறு. 1.2-இல் தேய்மானம், அதுதான் வெட்டு. திருப்பி வைத்ததால் 0.86, அது ஐடில். காலை எடுத்த பிறகும் கால் மிதியில்தான் இருக்கிறது என்று ஈசியு நம்புகிறது, ஐடில் கட்டுப்பாட்டுக்குள்ளேயே போகவில்லை. திருப்புவதால் எண் மாறுமே தவிர தேய்ந்த பாதை வளராது.

சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். ஜி.பி. ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும்தான், ஆனால் அதுவும் இதே மாதிரி ஓடித் தேய்ந்த சாமானாக இருக்கலாம். பழைய சாமானில் எனக்கு ஆட்சேபம் இல்லை, உரசித் தேய்கிற எதையும் மட்டும் அப்படி வாங்க மாட்டேன்.

மாட்டுவதற்கு முன் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் படிந்த கரியை கிளீனர் போட்டுத் துடையுங்கள். கரி இருந்தால் தகடு உட்காரும் இடமே வேறு. செட் பண்ணிவிட்டுத் துடைத்தால் எண் நகர்ந்துவிடும். சென்சாரைக் கொஞ்சம் சாய்த்து நுழைத்து, ஸ்பிரிங் இழுவை தெரியும்படி திருப்பி உட்கார வையுங்கள். ஸ்க்ரூ இரண்டும் பாதி இறுக்கம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே 0.5-க்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். இறுக்கும்போது எண் ஓடும், அதனால் இறுக்கிய பிறகு காட்டுவதுதான் கணக்கு. உடம்பு பிளாஸ்டிக், முறுக்காதீர்கள். முடித்ததும் பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி வையுங்கள், ஈசியு பழைய பாடத்தை மறக்கட்டும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிளில் துளி தொய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் விறைத்து நின்றால் தகடு முழுக்க மூடாது.

தாம்பரம்வாசி:
மாட்டியாயிற்று சார். முதல் தடவை இறுக்கியதும் 0.6-க்கு ஓடியது, மறுபடி லூஸ் செய்து வைத்தேன். இப்போது 0.52. முள் எங்கேயும் துள்ளவில்லை. குரோம்பேட்டை வரை அதே மூன்றாவது கியரில் போய் வந்தேன், வெட்டு சுத்தமாக இல்லை. ஐடில் 850. ஏசி போட்டால் மட்டும் ஒரு கணம் தாழ்ந்து எழுகிறது.

முள்மீட்டர்:
பேட்டரி கழற்றியதால் ஐடில் பாடத்தை ஈசியு முதலிலிருந்து படிக்கிறது. ஏசி போட்டும் போடாமலும் சில நாள் ஓட்டுங்கள். அப்புறமும் தாழ்ந்தால் ஐஏசி வால்வின் காற்று வழியைச் சுத்தம் செய்யுங்கள்.

கேபி_கோவை:
அண்ணே, என் வண்டி 2018 மாடல், கேபிளே இல்லை. அதிலும் இப்படித் திருப்பி செட் பண்ணலாமா?

முள்மீட்டர்:
முடியாது தம்பி. அதில் த்ராட்டிலைத் திறப்பது மோட்டார். சிக்னல் இரண்டு இருக்கும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஈசியு பார்த்துக்கொண்டே இருக்கும். சென்சார் பாடியோடு சேர்ந்தே வருவதால் திருப்ப இடமே கிடையாது. ஸ்கேனரில் இரண்டு அளவையும் பாருங்கள், ஓபிடி இருக்கிற வண்டிதானே. சாவி ஆனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரலை விட வேண்டாம், மோட்டார் மூடினால் நசுங்கிவிடும்.