பன்னிரண்டு நிமிடத் தாமதமும் ஒரு மேதைமையும்

தாமதமாக வந்தவர்:

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி எல்லோரும் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படி நான் சொன்ன ஒரு கருத்து கவிழ்ந்துபோன கதை இது. படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு படத்துக்குத் தாவிவிடும், என் அசட்டுத்தனம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

சென்ற மாதம் ஒரு குற்றப் படத்துக்குப் போனேன். வழக்கம்போல் தாமதம், 12 நிமிடம். முதலில் விளம்பரங்கள் ஓடும் என்ற கணக்கில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் நான். அன்று சீக்கிரமே படத்தைத் தொடங்கிவிட்டார்கள். இருட்டில் நான்கு பேர் முழங்காலை இடித்து, ஒருவர் காலை மிதித்து, உட்கார்ந்து நிமிர்ந்தால், திரையில் நடுவயதுக்காரர் ஒருவர் காரில் இருந்தபடி பூட்டிய வீடு ஒன்றை வெறித்துக்கொண்டிருக்கிறார். யார், எதற்கு என்று தெரியவில்லை. படம் முழுக்க அந்த வீட்டையே சுற்றி வருகிறார்; யாரும் எதையும் விளக்கவில்லை. எனக்கோ பரவசம். காரணம் சொல்லாமலே ஒரு மனிதன் பின்னால் நம்மை இரண்டு மணி நேரம் நடக்கவைக்கிற துணிச்சல் எத்தனை இயக்குநர்களுக்கு உண்டு! மூன்று நண்பர்களிடம் இதைச் சொன்னேன். அவர்களில் ஒருவரிடம் 'மௌனத்தின் அழகியல்' என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை கூப்பிட்டாள் என்று அதே படத்துக்கு மறுபடியும் போனேன். அவள் நேரம் தவறாதவள். படம் தொடங்கியதுமே அந்த வீட்டிலிருந்து அவருடைய மகள் காணாமல் போகிறாள். பெயர், வயது, சுவரில் புகைப்படம், அம்மாவின் அழுகை, காவல் நிலையம் என்று ஒன்று பாக்கியில்லை. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்கள். நான் மெச்சிய மௌனம் இயக்குநர் செய்தது அல்ல, நான் தாமதமாகப் போய்ச் செய்தது. இதைவிடக் கேவலம், முழுதாகப் பார்த்தபோது படம் சுமார்தான்.

படத்தைப் பார்த்த விதத்தினால் கருத்துக் கெட்டுப்போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் சொல்லுங்கள். நான் மட்டும் தனியாக அசடு வழிய வேண்டாம்.

கண்ணாடி போட்டவர்:

எனக்கு உண்டு. ஒரு சாகசப் படம் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரை ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன். நண்பகல் காட்சியே மேகமூட்டமான மாலை மாதிரி இருந்தது. பிறகு அதையே முப்பரிமாணம் இல்லாத காட்சியில் பார்த்தேன், பளிச்சென்று வெயில். குற்றவாளி என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படத்தைப் பிரித்துக் கொடுப்பதிலேயே வெளிச்சத்தின் பெரும்பங்கு போய்விடுகிறது. சாதாரணக் காட்சிக்குத் திரையில் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தொழில்தரம். கண்ணாடி வழியாக அதில் மூன்றில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே பெரிது. அந்த ஒளிப்பதிவாளருக்கு மனத்துக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கடைசி வரிசை:

எல்லாப் பழியையும் கண்ணாடி மீதும் கடிகாரத்தின் மீதும் போடாதீர்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் மோசமாக இருக்கும் படங்கள் உண்டு. போன வாரம் ஒன்று பார்த்தேன். சரியான நேரம், சரியான இருக்கை, பக்கத்தில் கைபேசி நோண்டும் ஆள்கூட இல்லை. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன்.

புதுத் தொலைக்காட்சிக்காரர்:

நான் திரையரங்குக்கு அதிகம் போகாதவள். மாமா வீட்டில் புதிதாக வாங்கிய பெரிய தொலைக்காட்சியில், முன்பு அரங்கில் பார்த்து உருகிய ஒரு படத்தை மறுபடி போட்டோம். என்னவோ மாதிரி இருந்தது. நடிகர்கள் நெடுந்தொடரில் நடிப்பதுபோல் வழுக்கி வழுக்கி நகர்ந்தார்கள். பின்னணி அட்டையில் செய்த வீடு மாதிரி தெரிந்தது. இதற்கா அன்று அழுதோம் என்று வெட்கமாகப் போய்விட்டது. மாமாவோ, "அந்தக் காலத்தில் நீ சின்னப் பெண், எதைப் பார்த்தாலும் அழுவாய்" என்று விஷயத்தை முடித்துவிட்டார்.

மாமா பையன்தான் பிறகு தொலைக்காட்சியின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி ஒன்றை அணைத்தான். சினிமா வினாடிக்கு 24 பிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, ஓடுகிறது. அது போதாது என்று பெட்டி தானாகவே இடையில் பிரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறதாம். விளையாட்டுப் போட்டிக்கு அது நல்லது, சினிமாவைக் கொன்றுவிடும். டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் ஒரு காணொளியே வெளியிட்டார். அணைத்ததும் பழைய படம் திரும்பி வந்தது. மாமா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பழைய ஆபரேட்டர்:

தாமதமாக வந்தவரே, உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே படத்தின் நடுவில் நுழைந்து, அடுத்த காட்சியில் விட்ட இடம் வரை பார்த்துவிட்டு எழுந்து போவது சாதாரணப் பழக்கம். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் அரங்குகளுக்கு நிபந்தனை போட்டார். கதாநாயகி பாதிப் படத்துக்குள் கொல்லப்பட்டுவிடுவாள். அந்தப் படத்தில் நீங்கள் தாமதமாகப் போயிருந்தால் கதாநாயகி எங்கே என்று கடைசி வரை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி என் குற்றம். நான் ஃபிலிம் காலத்து ஆள். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் பக்கத்துப் புரொஜெக்டரில் அடுத்த ரீல் தயாராக இருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும், உடனே அடுத்த மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு வினாடியில் இரண்டாம் புள்ளி. அதைக் கண்டதும் இந்த ஒளியை மூடி அந்த ஒளியைத் திறக்க வேண்டும். இப்போது படம் கோப்பாக வந்து சேர்வரில் ஏறிவிடுகிறது, புள்ளியும் போயிற்று. என் கண் மட்டும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மூலைக்கு ஓடுகிறது. மகன் டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனாலும் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் இரவுக் காட்சி. தூக்கக் கலக்கத்தில் நான்காம் ரீலுக்கு முன்பே ஐந்தாம் ரீலை ஏற்றிவிட்டேன். ஐந்தில் ஒருவரைப் புதைத்து, உறவினர்கள் அழுது, பாட்டும் முடிந்தது. அடுத்த ரீல் ஓடியதும் அதே மனிதர் குளித்துத் தலைவாரி மேசைக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. சிறு ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன், கூச்சல் வரப்போகிறது என்று. வரவே இல்லை! கூட்டம் கலைந்தபோது ஒருவர் மனைவியிடம், "செத்தவனை மறுபடி கொண்டுவந்து காட்டினான் பார், அதுதான் டைரக்ஷன்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் படிக்கட்டில் ஃபிலிம் பெட்டியோடு நின்றிருந்தேன். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

கடைசி வரிசை:

அது எந்தப் படம்?

பழைய ஆபரேட்டர்:

சொல்ல மாட்டேன். அதை ஒழுங்கான வரிசையில் பார்த்தவர்கள் யாரும் நல்ல படம் என்று சொன்னதில்லை.

தாமதமாக வந்தவர்:

எல்லோருக்கும் நன்றி, மனம் சற்றுத் தேறியது. என் மூன்று நண்பர்களில் இருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர், தனக்கும் அந்தப் படம் பூடகமாகத்தான் தெரிந்தது என்று சாதிக்கிறார். அவர் எத்தனை நிமிடம் தாமதமாகப் போனார் என்று நான் கேட்கவில்லை. 'மௌனத்தின் அழகியல்' கேட்ட மூன்றாமவர் நேற்றுதான் படத்துக்குப் போயிருக்கிறார். இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னவோ மர்மம் என்றாய், முதல் காட்சியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களே?" என்றார்.

"நீ ரொம்பச் சீக்கிரம் போய்விட்டாய்" என்றேன்.