பெங்களூர் மைக்ரோப்ரூவரிக்கு முதல் தடவை குடும்பத்தோட போறோம், எப்படி நடந்துக்கணும்?

திருப்பூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தங்கச்சியும் மாப்பிள்ளையும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல செட்டில் ஆகி மூணு வருசம் ஆச்சு, அடுத்த மாசம் நானும் வீட்டுக்காரம்மாவும் போறோம், இந்த தடவை நாலு பேரும் சேர்ந்து மைக்ரோப்ரூவரி போலாம்ங்கறாரு மாப்பிள்ளை, அங்கயே பீர் காய்ச்சி அங்கயே ஊத்துவாங்களாம். நமக்கு இதுவரைக்கும் தெரிஞ்சது டாஸ்மாக் கடையும் அதை ஒட்டுன பாரும்தாங்க, உக்காந்து பத்து நிமிசத்துல ஒரு பாட்டிலை முடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருவோம். குடும்பத்தோட ஒரு இடத்துல உக்காந்து குடிக்கறது இதான் முதல் தடவை, தங்கச்சி முன்னாடி மரியாதைக் குறைவா ஏதாச்சும் ஆயிரக்கூடாதுன்னு மனசுக்குள்ள ஒரு பயம்.

டேஸ்ட் பாக்க கொஞ்சமா கேக்கலாமா, கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்களா? மெனுவுல வெயிஸ், ஸ்டவுட், ஐபிஏன்னு என்னென்னமோ போட்டிருக்கு, எதுல ஆரம்பிக்கறது? அப்பறம் அந்த பெரிய டாங்கெல்லாம் கண்ணாடிக்குள்ள தெரியும்னாரு, கிட்டப் போய் பாக்க விடுவாங்களா? நான் சாயப்பட்டறையில இருக்கறேன்ங்க, மிசின்னு சொன்னா நின்னு பாக்காம வர முடியாது.

இந்திராநகர்_செந்தில்

பயப்படவே வேணாம் ப்ரோ, நல்ல இடங்கள்ல குழந்தை குட்டி, தாத்தா பாட்டின்னு மத்தியான சாப்பாட்டுக்கு வந்து உக்காந்திருக்குற குடும்பத்தை எல்லாம் பாக்கலாம். நம்ம ஊர் பார் மாதிரி இருட்டு, புகை, அவசரம்லாம் கிடையாது. இந்திராநகர் நூறடி ரோட்ல டாய்ட்ங்கற ப்ரூவரி 2010ல வந்துச்சு, 2012ல மேக்ரத் ரோட்ல ஆர்பர் வந்துச்சு, இது அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் ஆன் ஆர்பர்ங்கற ஊர்ல இருந்த ப்ரூவரியோட பேரு, உங்க தங்கச்சி ஏரியாவுலயே விண்ட்மில்ஸ் இருக்கு, அங்க ஜாஸ் கச்சேரி எல்லாம் நடக்கும், சுவர் முழுக்க புத்தகமா இருக்கும். அக்கா தங்கச்சிய கூட்டிட்டு போக ஏத்த இடம்.

சாம்பிள் தாராளமா கேளுங்க. ரெண்டு பீர்ல எதுன்னு குழப்பமா இருந்தா ரெண்டையும் ஒரு வாய் கொடுங்கன்னா கொடுப்பாங்க, அதுல எந்த வெட்கமும் இல்ல, ஆனா எட்டு வகையையும் ஓசியில ஒவ்வொரு வாய் பாத்துட்டு ஒண்ணு ஆர்டர் பண்றது சரியில்ல. எல்லாத்தையும் பாக்கணும்னா சாம்ப்ளர்னு தனியா இருக்கும், மரப்பலகையில சின்னச் சின்ன கிளாஸ்ல வரிசையா வச்சு கொண்டு வருவாங்க, நாலு பேருக்கு ஒரு பலகை வாங்கி நடுவுல வச்சுக்கோங்க. லேசானதுல ஆரம்பிச்சு கடைசியில ஸ்டவுட்ங்கற கறுப்பு பீருக்கு வாங்க, ஐபிஏங்கறது கசப்பு தூக்கலான பீர், முதல்லயே அதை குடிச்சுட்டா அந்த கசப்பு நாக்குல உக்காந்துக்கும், அப்பறம் வெயிஸ்ங்கற கோதுமை பீர் எடுத்தா வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும். நடு நடுவுல தண்ணி குடிங்க.

இன்னொண்ணு, எல்லாரும் ஐடி கார்டு எடுத்துட்டு போங்க, 21 ஆகலன்னா ஊத்த மாட்டாங்க. சனிக்கிழமை சாயந்திரம் வேணாம், கூட்டத்துல சர்வருக்கு நின்னு பேசவே நேரம் இருக்காது. வார நாள் மத்தியானம் மூணு மணி வாக்குல போனீங்கன்னா அவங்களே ஆசையா விளக்குவாங்க.

டாங்க்_பக்கம்

நான் இந்த தொழில்லதான் இருக்கேன், ஒரு ப்ரூவரியில செல்லார் வேலை, அதாவது பீர் புளிக்கிற டாங்க்கை பாத்துக்குறது, கழுவுறது, காலையில டிகிரி எழுதி வைக்குறது. சாயப்பட்டறை அண்ணன் டாங்க் பத்தி கேட்டதுல ரொம்ப சந்தோசம், ஏன்னா வர்றவங்கள்ல பாதிப் பேரு அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு போயிடுவாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தர் கேட்டா அன்னைக்கு முழுக்க மனசு நிறைஞ்சிருக்கும்.

பாக்கலாமான்னு கேளுங்க, ஆனா கயிறு கட்டியிருந்தா தாண்டாதீங்க, அது பந்தாவுக்கு கட்டுனது இல்ல. தரை எப்பவும் ஈரம், குழாய்ல கொதிக்கிற தண்ணி ஓடும், டாங்க் கழுவ காஸ்டிக் சோடா போடுறோம், தோல்ல பட்டா அது என்ன பண்ணும்னு சாயப்பட்டறையில இருக்குற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இதெல்லாத்தையும் விட கண்ணுக்கு தெரியாத விசயம் கார்பன் டை ஆக்சைடு, பீர் புளிக்கிறப்போ வந்துட்டே இருக்கும், காத்தை விட கனமானதால தாழ்வான இடத்துல தேங்கி நிக்கும், காத்தோட்டம் இல்லாத ரூம்ல குனிஞ்சா மயக்கமே வந்துரும். அதனாலதான் நாங்க கூட இல்லாம உள்ள விடுறதில்ல. கூட்டிட்டு போனா வால்வு எதையும் தொடாதீங்க, ஒரு வால்வு திறந்தா மூணு வார உழைப்பு தரையில போயிரும்.

ப்ரூவர் சும்மா இருக்குற நேரம் பாத்து மால்ட் ஒரு பிடி கேளுங்க, கண்டிப்பா கொடுப்பாங்க. நம்ம வீட்ல கேப்பையை ஊறவச்சு முளைகட்டி காயவச்சு மாவு திரிக்கிறோம் இல்ல, அதே வேலைதான், கேப்பைக்கு பதிலா பார்லி. வாயில போட்டு மெல்லுங்க, முதல்ல உமி குத்தும், அப்பறம் மெதுவா ஹார்லிக்ஸ் வாசனை வரும், ஹார்லிக்ஸ்லயும் இருக்குறது மால்ட் பண்ண பார்லிதான். அடுத்து கறுப்பா வறுத்ததை மெல்லுங்க, அப்படியே காப்பிக்கொட்டை. ஸ்டவுட்ல காப்பி வாசனை எங்கேர்ந்து வருதுன்னு அந்த ஒரு வாய்லயே தெரிஞ்சுரும், நான் அரைமணி நேரம் பேசுறதை விட அது பெருசு.

அந்த பார்லியை உடைச்சு 65 டிகிரி சுத்தி இருக்குற வெந்நீர்ல ஒரு மணி நேரம் போட்டு வைப்போம், மாவுச்சத்து சர்க்கரை ஆகும், சக்கையை பிரிச்சு (அது மாட்டுத் தீவனமா போயிரும்) தண்ணியை மட்டும் கொதிக்க வச்சு ஹாப்ஸ் போடுவோம், அது ஒரு கொடியில காய்க்கிற பூ, கசப்பும் வாசமும் அதோடது. ஆற வச்சு ஈஸ்ட். ஆப்பத்துக்கு கள்ளு ஊத்தி மாவு பொங்க வைப்பாங்க இல்ல, அதே சங்கதி. பீர்ல ஏல், லாகர்னு ரெண்டு பெரிய வகை, ஏல்னா ரெண்டு மூணு வாரம், லாகர்னா குளிர்ல ஒரு மாசத்துக்கு மேல.

வெயிஸ் குடிக்கிறப்போ வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ரெண்டுமே போட்டதில்ல, அந்த ஈஸ்ட்டே கொடுக்குற வாசனை. விட் பீர்னு இன்னொரு கோதுமை வகை இருந்தா அதுல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாவே போடுவாங்க. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட கொடுத்து என்ன மணக்குதுன்னு கேளுங்க, சமைக்கிறவங்க மூக்கு சீக்கிரம் கண்டுபிடிச்சுரும்.

திருப்பூர்க்காரன்

டாங்க் தம்பி, ரொம்ப நன்றிங்க, கேப்பைன்னு சொன்னதும் அம்மா ஞாபகம் வந்துருச்சு. ஒரு சந்தேகம், நுரை அதிகமா ஊத்தி குடுத்தா திருப்பி ரொப்பித் தரச் சொல்லலாமா? இங்க எல்லாரும் கிளாஸை சாய்ச்சு நுரையே இல்லாமத்தான் ஊத்துவோம்.

டாங்க்_பக்கம்

ரெண்டு விரல் தடிமன் நுரை இருக்கணும் அண்ணா, அது அளவுல ஏமாத்துறது இல்ல, வாசனையே அந்த நுரையிலதான் நிக்குது. டிகாஷன் காப்பியை ஆத்தாம கொடுத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. குடிக்க குடிக்க கிளாஸ் உள்பக்கம் நுரை வளையம் வளையமா ஒட்டிட்டே இறங்கும், அப்படி இருந்தா கிளாஸ் சுத்தமா இருக்குன்னு அர்த்தம். கிளாஸ் ஓரமா உள்ள குமிழி குமிழியா ஒட்டியிருந்தா எண்ணெயோ சோப்போ மிச்சம் இருக்கு, அப்போ வேற கிளாஸ் கேளுங்க, அது உங்க உரிமை. பாதி கிளாஸ் நுரையா வந்தாலும் சொல்லலாம்.

அதே மாதிரி ஐஸ் கட்டுன கிளாஸ் கேக்காதீங்க. ரொம்ப ஜில்லுன்னு இருந்தா நாக்கு மரத்துரும், ஒண்ணும் தெரியாது. ஸ்டவுட்டை கொஞ்ச நேரம் வச்சிருந்து குடிங்க, சூடு ஏற ஏறத்தான் சாக்லேட் வாசனை வெளிய வரும்.

பெல்லந்தூர்_அக்கா

நானும் என் வீட்டுக்காரரும் மாசத்துக்கு ஒருக்கா போவோம், பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். ஒரு இடத்துல நான் ஸ்டவுட் கேட்டேன், அவரு இஞ்சி சோடா கேட்டாரு, கொண்டு வந்தவரு யோசிக்காம ஸ்டவுட்டை அவர் முன்னாடி வச்சுட்டு சோடாவை என் பக்கம் தள்ளிட்டாரு. சின்ன விசயம்தான், ஆனா மனசுல குத்துச்சு. அதனால அண்ணா, உங்க வீட்டம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நீங்களா ஆர்டர் சொல்லாதீங்க, மெனுவை அவங்க கையில கொடுங்க, வேணாம்னா வேணாம்னு அவங்களே சொல்லட்டும், "ஒரு வாய் குடிச்சுப் பாரேன்"னு வற்புறுத்தவும் வேணாம். மோந்து பாத்துட்டு வச்சாலே அதுவும் அனுபவம்தான்.

அப்பறம் போட்டோ எடுக்கும்போது பக்கத்து டேபிள் பொண்ணுங்க விழாம பாத்து எடுங்க. பரிமாறுற பசங்களை கையைத் தட்டி, சொடக்கு போட்டு கூப்புடாதீங்க, வீட்டை விட்டு எங்கெங்கேர்ந்தோ வந்து நாள் முழுக்க நின்னு வேலை பாக்குறவங்க, ஒரு "தம்பி" போதும்.

கசப்புப்_பிரியன்

செந்தில் ப்ரோ சொன்ன வரிசை எல்லாம் சரி, ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு, பிடிக்கலன்னா என்ன பண்றது? நான் சொல்வேன், காசு கொடுக்குறோம், பிடிக்கலன்னா மாத்திக் கொடுன்னு கேக்கணும்.

டாங்க்_பக்கம்

அதுல எனக்கு உடன்பாடு இல்ல ப்ரோ. பிடிக்காதது வேற, கெட்டுப்போனது வேற. ஐபிஏ கசக்குதுன்னு திருப்பி அனுப்புனா அது பாகற்காய் கசக்குதுன்னு சொல்ற மாதிரி, அதுக்குத்தான் முதல்லயே ஒரு வாய் சாம்பிள். மங்கலா கலங்கலா இருக்குன்னும் அனுப்பக்கூடாது, வடிகட்டாத பீர் அப்படித்தான் இருக்கும். ஆனா லாகர்ல சினிமா தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தா, இல்ல சாதா பீர் வினிகர் மாதிரி புளிச்சா, அது பீர் சரியா வரல இல்லன்னா குழாய் சரியா கழுவல, தயவுசெஞ்சு சொல்லுங்க. சொன்னாத்தான் எங்களுக்கு தெரியும். புளிப்பா செய்யுற சவர் பீரும் உண்டு, அதனால "இது இப்படித்தான் இருக்கணுமா"ன்னு முதல்ல கேளுங்க, அந்தக் கேள்விக்கு எந்த ப்ரூவரும் கோவப்பட மாட்டான்.

சைடிஷ்ல மிளகாய் தூக்கலா இருந்தா ஐபிஏ வேணாம், காரமும் கசப்பும் சேர்ந்து ரெண்டும் எரியும், கோதுமை பீர் எடுங்க. பார்சலும் கேக்காதீங்க, சூடுபடுத்தி பதப்படுத்தாத பீர், கார் வெயில்ல ரெண்டு மணி நேரம் இருந்தாலே போச்சு.

ஓசூர்_ஓட்டுநர்

நான் குடிக்க மாட்டேன், ஆபீஸ் பசங்களோட போறப்ப வண்டி ஓட்டுறது நான்தான். ஒண்ணே ஒண்ணு, நாலு பேர்ல ஒருத்தர் வண்டிக்குன்னு முடிவு பண்ணுங்க, இல்ல மெட்ரோவுல போங்க, ஒயிட்ஃபீல்டுலேர்ந்து இந்திராநகர் பர்ப்பிள் லைன்ல நேரா வரும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனா கேஸ், முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. ஒரு பெரிய கிளாஸ்தானே குடிச்சேன்னு சொல்றவங்களும் ஊதுறப்போ மாட்டுறாங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி மெனுவுல ஆல்கஹால் எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும், பாருங்க, 4 சதவீதமும் 7 சதவீதமும் ஒண்ணு இல்ல.

திருப்பூர்க்காரன்

போயிட்டு வந்துட்டோம்ங்க. செவ்வாக்கிழமை மத்தியானம், மெட்ரோவுலதான் போனோம். பலகை ஒண்ணு வாங்கி நடுவுல வச்சோம், வீட்டுக்காரம்மா கோதுமை பீரை மோந்த உடனே "கிராம்பு"ன்னுட்டா, எனக்கு மூணாவது வாய்லதான் தெரிஞ்சுது. தங்கச்சி அரை கிளாஸ் குடிச்சா, மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல, நானும் சொல்லல. ப்ரூவர் ஒரு சின்னப் பையன், கண்ணாடிக்கு உள்ள கூட்டிட்டு போய் கறுப்பு மால்ட் கையில கொட்டுனாரு, கொஞ்சம் காகிதத்துல மடிச்சு அம்மாவுக்கு கொண்டு வந்திருக்கறேன். நாலு பேரும் மூணு மணி நேரம் உக்காந்தோம், எப்பவும் பத்து நிமிசம்தான்.

டாங்க் தம்பி, டாங்க் சுத்தி ரெட்டைச் சுவர் வச்சு உள்ள குளிர் தண்ணி விடுறாங்களே, அது வெறும் தண்ணியா இல்ல எதாச்சும் கலக்கறீங்களா?

டாங்க்_பக்கம்

கிளைக்கால்ங்கற திரவம் கலந்த தண்ணி அண்ணா, வெறும் தண்ணின்னா பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போறப்போ உறைஞ்சுரும். பெங்களூர் அடுத்த தடவை வந்தா சொல்லுங்க, காலையில வாங்க, மால்ட் கொட்டுற நேரத்துல பாக்கலாம்.