உலர் வெப்பப் பாறை மின்சாரம்: ஐம்பது வருடத் தோல்வியா, இப்போதுதான் தொடக்கமா?

செங்கதிர்:
தரைக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில் 200 டிகிரியைத் தொடும் கருங்கல் பாறை இருக்கிறது. அதில் நீர் இல்லை, நீர் ஓட வழியும் இல்லை. ஒரு கிணற்றில் உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி விரிசல்களைத் திறக்க வேண்டும். அந்த விரிசல்கள் வழியே ஓடிச் சூடேறும் தண்ணீரை இன்னொரு கிணற்றில் மேலே எடுத்து, அதன் சூட்டில் டர்பைனை ஓட்டி, ஆறிய தண்ணீரைத் திரும்பக் கீழே அனுப்ப வேண்டும். உலர் வெப்பப் பாறை முறை இவ்வளவுதான்.

அரசுகள் இப்போது பணம் போட வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது என் கருத்து. இரவும் பகலும் ஓடும், புகை இல்லை, தீர்ந்துபோகாது, எந்த நாட்டிலும் தோண்டலாம். 2023-ல் அமெரிக்காவின் நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் ஒரு மாதம் சோதனை ஓட்டம் நடத்தியது. நொடிக்கு 63 லிட்டர் ஓட்டம், 191 டிகிரி சூடு, 3.5 மெகாவாட் மின்சாரத்துக்குப் போதுமான அளவு. மறு வருடமே யூட்டாவில் ஃபோர்ஜ் ஆய்வுத் தளத்தில் கருங்கல்லுக்குள் அனுப்பிய நீரில் சுமார் 90 சதவீதம் திரும்பி வந்தது. இன்னும் என்ன தயக்கம்?

கணக்கன்:
தயக்கத்துக்குக் காரணம் வரலாறு. இது புது யோசனை இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகம் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் முதல் கிணறு தோண்டத் தொடங்கியது 1974-ல். இருபது வருடம் உழைத்து 1995-ல் நிறுத்தினார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ரோஸ்மனோவ்ஸ் திட்டம் எழுபதுகளின் கடைசியில் தொடங்கி 1991-ல் முடிந்தது. பிரான்சின் சூல்ட்ஸில் 1987-ல் தொடங்கிய வேலை, 5 கிலோமீட்டர் ஆழம் வரை போய், கடைசியில் சுமார் 1.7 மெகாவாட் நிலையமாக நிற்கிறது. அங்கேயும் பாறை முழுக்க உலர்ந்தது இல்லை. இயற்கையான விரிசல்களில் ஏற்கெனவே உப்புநீர் இருந்தது. ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் 4.2 கிலோமீட்டரில் 240 டிகிரி கிடைத்தது. இதைவிட நல்ல பாறை யாருக்கு வாய்க்கும்? அங்கே 2013-ல் 1 மெகாவாட் சோதனை நிலையம் 160 நாள் ஓடி நின்றுபோனது.

ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த பத்து வருடத்தில் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறது. ஒரு மாதச் சோதனையை வைத்து நானும் அதைச் சொல்ல மாட்டேன்.

செங்கதிர்:
கணக்கன் சார், பட்டியல் சரி. ஆனால் தோற்றது எதனால் என்று பார்க்காமல் பட்டியல் மட்டும் போட்டால் போதாது. ஃபென்டன் ஹில்லின் இரண்டாம் கட்டத்தில் முதலில் இரண்டு கிணறுகளையும் தோண்டி முடித்துவிட்டார்கள். அப்புறம்தான் விரிசல் போட்டார்கள். விரிசல் இரண்டாவது கிணற்றைத் தொடவே இல்லை. விரிசல் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பாறைக்குள் இருக்கும் அழுத்தமும் அதில் முன்பே இருந்த பிளவுகளும் முடிவு செய்கின்றன. நாம் வரைபடத்தில் போட்ட கோட்டை அது மதிப்பதில்லை. கடைசியில் விரிசல் விடும்போது எழும் நுண் அதிர்வுகள் எங்கிருந்து வருகின்றன என்று கணித்து, இரண்டாவது கிணற்றை அந்தப் பகுதிக்குள் திருப்பித் தோண்டிய பிறகுதான் இணைப்பு கிடைத்தது.

அன்று பெரும்பணம் செலவழித்துக் கற்ற பாடம் இன்று அடிப்படை விதி. முதல் கிணற்றைத் தோண்டு, விரிசல் போடு, அதிர்வுகளைக் கேள், பிறகு இரண்டாவதைத் தோண்டு. அதோடு, முன்பு செங்குத்துக் கிணற்றில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் விரிசல் போட்டார்கள். இப்போது கிணற்றைப் பாறைக்குள் கிடைமட்டமாகத் திருப்பி, நெடுகத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் விரிசல் போடுகிறார்கள். எண்ணெய், எரிவாயுத் துறை பயன்படுத்தும் அதே முறை. தண்ணீர் தொடும் பாறைப் பரப்பு பல மடங்கு கூடுகிறது. வெப்பம் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பரப்புதான் இத்தனை வருடமாகக் கிடைக்காமல் இருந்தது.

ஆழ்துளையான்:
தோண்டும் வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கருங்கல்லில் பழைய உருளைப் பல் பிட், அதாவது பாறையை வெட்டும் முனை, சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் கணக்கில் குழாய் முழுவதையும் மேலே இழுத்து, பிட்டை மாற்றி, திரும்ப இறக்க வேண்டும். தோண்டும் இயந்திரமான ரிக்கின் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். செயற்கை வைரம் பதித்த பிடிசி பிட்டைக் கருங்கல்லில் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டது பெரிய மாற்றம். ஃபெர்வோ யூட்டாவில் ஒரு கிணற்றின் செலவை 94 லட்சம் டாலரிலிருந்து 48 லட்சம் டாலராகக் குறைத்ததாக அந்த நிறுவனமே கணக்கு வெளியிட்டிருக்கிறது. நிறுவனம் சொல்லும் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், திசை சரியான திசைதான்.

ஆனால் செங்கதிர், "எந்த நாட்டிலும் தோண்டலாம்" என்பதை நான் ஏற்கவில்லை. ரஷ்யாவின் கோலாவில் 12,262 மீட்டர் தோண்டியும் அடியில் சூடு 180 டிகிரிதான். ஜெர்மனியின் கேடிபி கிணற்றில் 9,101 மீட்டரில் 265. கூப்பர் படுகையில் 4.2 கிலோமீட்டரிலேயே 240. அங்கே கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் அதிகம், அவை சிதைந்து சூடு தருகின்றன, மேலே தடிமனான படிவுப் பாறை அந்தச் சூட்டை மூடிக் காக்கிறது. கோலாவில் பழைய, ஆறிப்போன பாறை. ஆழம் கூடக் கூடத் தோண்டும் செலவு நேர்விகிதத்தில் ஏறாது, அதைவிட வேகமாக ஏறும். 200 டிகிரிக்கு மேல் கருவிகளின் மின்னணுப் பாகங்களும் தாங்காமல் போகின்றன. இடம்தான் பாதித் திட்டம்.

கணக்கன்:
ஆழ்துளையான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "தீர்ந்துபோகாது" என்பதும் சரியில்லை. கண்டப்பகுதியில் பூமிக்குள்ளிருந்து மேலே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 65 கிலோவாட், அதுவும் வெப்பமாக. நெவாடாச் சோதனையில் மேலே வந்த நீரை 70 டிகிரிக்கு ஆற்றித் திருப்பி அனுப்பினால் ஏறத்தாழ 32 மெகாவாட் வெப்பம் எடுக்கிறோம். அதில் பத்தில் ஒரு பங்குதான் மின்சாரம். இந்த 32 மெகாவாட்டை இயற்கை ஈடுகட்ட வேண்டுமானால் கிட்டத்தட்ட 500 சதுர கிலோமீட்டர் நிலத்தின் வெப்பம் முழுவதும் அந்த ஒரு கிணற்றுக்கு வந்தாக வேண்டும். வராது. ஆகவே இது வட்டியில் வாழ்வது இல்லை, முதலை எடுத்துச் செலவழிப்பது.

அந்த முதல் தொகை பெரியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கன கிலோமீட்டர் கருங்கல்லை 10 டிகிரி குளிரவைத்தால் கிடைக்கும் வெப்பம், பத்து சதவீதத் திறனில், சுமார் 7 மெகாவாட் மின்சாரத்தைப் பத்து வருடம் தரும். ஆனால் அந்த முழுக் கன கிலோமீட்டரையும் தண்ணீர் தொட வேண்டுமே! பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். இருபது வருடத்தில் விரிசலின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 50 மீட்டருக்குத்தான் குளிர்ச்சி எட்டும். தண்ணீர் எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும். ஒரே விரிசலில் பெரும்பகுதி பாய்ந்தால் அந்த விரிசல் மட்டும் ஆறிப்போகும். ரோஸ்மனோவ்ஸில் அதுதான் நடந்தது, மூன்று வருடத்தில் வெளிவரும் நீரின் சூடு சுமார் 10 டிகிரி விழுந்தது.

நிலாமதி:
மெகாவாட் பேசும் எல்லோரும் மேலே குடியிருப்பவர்களை மறந்துவிடுகிறீர்கள். 2006 டிசம்பர் 8, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். 5 கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் செலுத்தி 3.4 அளவில் நிலநடுக்கம். 1356-ல் பெரும் நிலநடுக்கம் கண்ட ஊர் அது. அங்கே போய் நகரத்துக்கு அடியிலேயே தோண்டினார்கள். 2009-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அடுத்தது தென்கொரியாவின் போஹாங், 2017 நவம்பர் 15. அளவு 5.5. நூற்றுக்கும் மேல் காயம், ஆயிரத்துக்கும் மேல் வீடு இழந்தவர்கள். 2019-ல் அரசு அமைத்த நிபுணர் குழுவே இந்தத் திட்டத்தின் நீர்செலுத்தல்தான் தூண்டியது என்று சொல்லிவிட்டது. இரண்டு இடத்திலும் செலுத்திய நீர் 11,000 முதல் 13,000 கன மீட்டருக்குள்தான். ஒன்றில் 3.4, இன்னொன்றில் 5.5. அதாவது, இவ்வளவு நீர் செலுத்தினால் இவ்வளவுதான் அதிரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

"அதிர்வு கூடினால் நிறுத்திவிடுவோம்" என்ற விதி இரண்டு இடத்திலும் இருந்தது. பாசலில் பெரிய அதிர்வு வந்தது நீர் செலுத்துவதை நிறுத்திய சில மணி நேரத்துக்குப் பிறகு. போஹாங்கில் கடைசிச் செலுத்தலுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு.

செங்கதிர்:
நிலாமதி, போஹாங்கை நான் சிறுமைப்படுத்தவே மாட்டேன். ஆனால் அங்கே என்ன நடந்தது என்பது அறிக்கையில் இருக்கிறது. ஒரு கிணறு தோண்டும்போதே சுமார் 3.8 கிலோமீட்டரில் நிலப்பிளவு ஒன்றைக் கடந்திருந்தது, தோண்டும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் சேறு அங்கே பிளவுக்குள் வழிந்து காணாமல் போனது. அந்த அறிகுறியைக் கடந்து 89 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் கொடுத்தார்கள். பாசலில் அது 30 அளவில்தான். 2017 ஏப்ரலில் 3-க்கு மேல் ஓர் அதிர்வு வந்த பிறகும் வேலை தொடர்ந்தது. அங்கே கண்டிப்பாக நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய பிளவிலிருந்தும் ஊரிலிருந்தும் விலகி, கிடைமட்டக் கிணற்றில் துண்டு துண்டாகக் குறைந்த அளவில் செலுத்துவது வேறு வேலை.

நிலாமதி:
பெரிய பிளவு எங்கே என்று முன்பே தெரிந்தால்தான் விலக முடியும். போஹாங் பிளவு எந்த வரைபடத்திலும் இல்லை. கருங்கல்லுக்குள் நிலநடுக்க அலைகளை வைத்துப் பார்த்தால் படிவுப் பாறையில் தெரிவது போலத் தெளிவாகத் தெரியாது. நான் கேட்பது எளிது. செலுத்தத் தொடங்கும் முன்பே அதிர்வுக் கருவிகள் நட்டு பல மாதப் பதிவு இருக்க வேண்டும், அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்க வேண்டும், நிறுத்தும் அதிகாரம் கம்பெனிக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆழ்துளையான்:
கடைசிக் கோரிக்கைக்கு என் முழு ஆதரவு. தினக்கூலிக்கு ரிக் நிற்கும்போது, நிறுத்து என்று உள்ளிருந்து சொல்வது மிகக் கடினம். அதை வெளி ஆள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கன்:
நான் எதிர்பார்ப்பது ஒரே ஓர் எண். யூட்டாவின் கேப் ஸ்டேஷன் போன்ற வணிக நிலையத்தில், மூன்று நான்கு வருடம் நிற்காமல் ஓடிய பிறகு, வெளிவரும் நீரின் சூடு எத்தனை டிகிரி? பம்புக்குப் போகும் மின்சாரத்தைக் கழித்து மிச்சம் எவ்வளவு? அது வரும்வரை அரசுப் பணத்தை ஆய்வுக் கிணறுகளுக்குக் கொடுக்கலாம். நிலையம் கட்டக் கொடுக்கக் கூடாது.

செங்கதிர்:
அந்த எண் ஒரு பாறையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஐந்தாறு வகைப் பாறைகளில் ஒரே சமயத்தில் நிலையம் கட்டி ஓட்டினால்தான் எது தாங்குகிறது என்று தெரியும். ஒன்று முடியட்டும், அப்புறம் அடுத்தது என்று காத்திருந்ததால்தான் 1974-ல் தொடங்கியது இன்னும் சோதனையாகவே இருக்கிறது. ரோஸ்மனோவ்ஸில் சூடு விழுந்ததைச் சொன்னீர்கள். அந்தப் பத்து டிகிரியைத் தெரிந்துகொள்ளவே மூன்று வருடம் நீரை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது இல்லையா?